ஒட்டுக் கைப்பிடி வில்: கேள்வி பதில்

கேள்வி: வில்லை முழு மரத்தில் செய்யாமல் இரண்டு துண்டைக் கைப்பிடியில் ஒட்டுவது எதற்கு? பலம் குறையாதா?

பதில்: கணுவும் முறுக்கும் இல்லாமல் ஆறடி நேராகப் பிளக்கும் யூ மரமோ ஓசேஜ் ஆரஞ்சோ (இரண்டும் வில்லுக்குப் பேர்போன வெளிநாட்டு மரங்கள்) அபூர்வம். மூன்றடி கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்து ஓசேஜ் மரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பேரே 'வில் மரம்' என்ற பொருள்தான். ஆனால் அது வளரும் கோணலைப் பார்த்தால் அப்படித் தோன்றாது! இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டு இலக்கு வில்களிலும் நடுவில் ஒட்டிய யூ மரம் சகஜம். ஒட்டு கைப்பிடிக்குள் இருக்கிறது, அந்த இடம் வளையாது. அதனால் பலம் குறையாது. கைப்பிடியும் சேர்ந்து வளைகிற வில்லுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம்.

கேள்வி: இரண்டு துண்டும் வேறு வேறு மரமாக இருக்கலாமா?

பதில்: கூடாது. ஒரே கட்டையை நெடுக்கில் பிளந்து, பக்கத்தில் பக்கமாக வந்த இரண்டைத்தான் எடுக்கணும். அப்போதுதான் வைரமும் (நடுமரம்) ஆண்டு வளையமும் ஒத்துப்போகும், இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளையும். இரண்டின் வேர்ப்பக்கமும் நடுவில் சந்திக்கட்டும். அளவு: துண்டுக்கு 90 செ.மீ. பூட்டில் (இரண்டு முனையும் பல் பல்லாகக் கோக்கும் இடம்) 10 செ.மீ. போய், 170 செ.மீ. வில் வரும். ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே அறுங்கள்.

கேள்வி: பூட்டு வெட்டுவது எப்படி ஐயா? மீன்வால் மாதிரி வெட்டச் சொல்கிறார்கள்.

பதில்: முதல் முறை என்றால் இசட் (Z) வடிவப் பூட்டு போதும். இரண்டு துண்டுக்கும் ஒரே காகித வார்ப்பு, ஒன்றுக்கு அதைப் புரட்டாமல் அரைச்சுற்றுத் திருப்பி வைத்தால் சரி. 38 மி.மீ. அகலத்தை மூன்று சம பாகமாகப் பிரித்து, 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறுக்குக் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் முதல் குறுக்குக் கோட்டில் தொடங்கி, முதல் பாகக் கோட்டில் மறு குறுக்குக் கோட்டுக்குப் போய், இரண்டாம் பாகக் கோட்டில் திரும்பி வந்து, வலது ஓரத்தில் மறுபடி மறு குறுக்குக் கோட்டில் போய் முடியுங்கள். அறுக்கும் முன் வயிற்றுப் பக்கத்தை (எய்பவரைப் பார்க்கும் பக்கம், எதிர்ப்பக்கம் முதுகு) தட்டையாக இழைத்து அதைக் கீழே வைத்தால், ரம்பம் முதுகிலிருந்து வயிற்றுக்குச் செங்குத்தாக இறங்கும். சாய்ந்தால் மேலே பொருந்தும், அடியில் இடைவெளி விழும்.

இந்த மூன்று கோட்டிலும் 38 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 115 சதுர செ.மீ. பசைப் பரப்பு கிடைக்கிறது. வெட்டு முகங்களை நேராக முட்டி ஒட்டினால் 14 தான், அதிலும் நாரின் முனைகளில் பசை சரியாகப் பிடிக்காது.

கேள்வி: நன்றாக வெட்டியும் மெல்லிய சந்து தெரிகிறது.

பதில்: யூ மரத்துக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: இரண்டு முனையையும் அரை மணி கொதிக்கும் நீரில் வைத்து, சூட்டோடு ஒன்றுக்குள் ஒன்று தட்டி இறுக்கி, கிளாம்ப் போட்டுப் பல நாள் காயவிடுவது. மரம் தானே அச்சாகப் பொருந்தும். அப்புறம் கழற்றி ஒட்டலாம். அவசரப்பட்டு ஈரத்தோடு பசை போட்டால் பிரிந்துவிடும்.

கேள்வி: எந்தப் பசை?

பதில்: சந்து துளியும் இல்லை என்றால் நல்ல மரப்பசை. சந்தேகம் இருந்தால் மெதுவாக இறுகும் எபாக்சி (இரண்டு பாகத்தைக் கலந்து போடும் பசை), அது இடைவெளியை நிரப்பும். ஓசேஜ் எண்ணெய்ப் பிடிப்பு உள்ள மரம். ஒட்டுகிற அன்றே முகங்களைச் சுரண்டி, அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். எபாக்சியில் கிளாம்ப்பை முறுக்கித் தள்ளாதீர்கள், பசை முழுக்க வெளியே ஓடி, மூட்டில் பசையே மிஞ்சாது.

கேள்வி: ஒட்டியாச்சு, வில் ஒருபக்கம் கோணுகிறது.

பதில்: ஒட்டும் முன் பார்த்திருக்கணும். பூட்டில் 1 டிகிரி சாய்ந்தால் 90 செ.மீ. தள்ளி நுனி ஒன்றரை செ.மீ. விலகும். பசை இல்லாமல் கோத்து, நுனிக்கு நுனி நூல் கட்டிப் பாருங்கள். கைப்பிடியின் நடுவில் ஓடவேண்டும். தவறினால் அரத்தால் ஒரு பல்லின் பக்கத்தைத் தேய்த்தால் திருந்தும். இப்போது கொஞ்சமான கோணல் என்றால், கைப்பிடி அகலம் மிச்சம் இருக்கிற வரை நடுக்கோட்டை நகர்த்தி இழையுங்கள்.

கேள்வி: பூட்டு ஓரத்தில் 'டிக்' என்று சத்தம். பயமாக இருக்கிறது.

பதில்: இழுப்பதை நிறுத்துங்கள். பெரும்பாலும் பூட்டு முனைவரை மரம் வளைகிறது என்று பொருள். 10 செ.மீ. பிடியும், இருபுறம் பிடியின் தடிமன் குறைந்துவரும் 5 செ.மீ. சரிவுமாக 20 செ.மீ. விறைப்பாகவே இருக்கணும். சரிவை அவசரமாக மெலிதாக்கினால் இப்படித்தான். வயிற்றுப் பக்கம் மரத்துண்டு ஒட்டித் தடிமனாக்கி, பூட்டு முழுவதையும் லினன் நூலால் நெருக்கிச் சுற்றிப் பசை தடவுங்கள். பிளவு முதுகு நாரிலேயே ஓடியிருந்தால் அந்த வில்லை விட்டுவிடுங்கள், நூல் காப்பாற்றாது.