நீர்த்தேக்கம் வருகிறதாம்: நிலத்தை இப்போதே விற்றுவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஓடையின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டப்போவதாக ஓராண்டாகப் பேச்சு. போன மாதம் அதிகாரிகள் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் 3 ஏக்கரும் அதற்குள் வருகிறது. கிணறு இருக்கிறது, தென்னை காய்ப்பில் இருக்கிறது. பட்டா இன்னும் காலமான தாத்தா பெயரில்தான். "அரசாங்கம் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது, இப்போதே கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு தரகர் நச்சரிக்கிறார். விற்றுவிடலாமா? வழக்குப் போட்டு அணையை நிறுத்த முடியுமா?
– ஒரு வாசகர், தமிழ்நாடு

பதில்: விற்காதீர்கள். ஒன்றும் கிடைக்காத நிலத்தை அந்தத் தரகர் எதற்காக வாங்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். இழப்பீடு யார் பெயரில் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பயத்தில் எழுதிக் கொடுத்த கிரயத்தைப் பின்னால் ரத்து செய்வது மிகவும் கடினம்.

கல் நட்டதால் மட்டும் நிலம் அரசுக்குப் போய்விடாது. பாசன நீர்த்தேக்கத்துக்கு நிலம் எடுக்க வேண்டுமானால், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல்நிலை அறிவிக்கை வர வேண்டும். அது அரசிதழிலும் இரண்டு நாளிதழ்களிலும் வெளியாகும். ஊராட்சி அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் ஒட்டப்படும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை கொடுக்கலாம், நேரில் விசாரிக்கும்படியும் கேட்கலாம். இந்த 60 நாளைத் தவறவிடக் கூடாது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நீர்வளத் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். திட்டத்துக்கு நிர்வாக ஒப்புதல் அரசாணை உண்டா, முழு நீர்மட்டம் எவ்வளவு, அந்த மட்டத்தில் மூழ்கும் சர்வே எண்கள் எவை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் நிலம் முழுவதும் மூழ்குகிறதா, ஓரம் மட்டும் போகிறதா என்பது அந்தப் பட்டியல் வந்தால்தான் தெரியும்.

நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: குடிநீருக்கோ பாசனத்துக்கோ அணை என்றால் நீதிமன்றங்கள் அதைப் பொதுநோக்கமாகவே பார்க்கின்றன, திட்டத்தையே தூக்கிப்போட வைப்பது அரிது. ஆனால் நடைமுறையில் தவறு இருந்தால் நிச்சயம் தலையிடும். உங்கள் ஆட்சேபணையில் பலமான ஒன்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு: பலபோகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) இரண்டு போகமும் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றே பாருங்கள். இல்லையென்றால் பதியச் சொல்லுங்கள். இன்னொன்று, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பாசனத் திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு (மக்களுக்கு வரும் பாதிப்பை ஆராய்வது) கட்டாயமில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது. எனவே அது நடக்கவில்லை என்பதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள்.

இப்போது பணம். நிலத்தின் சந்தை மதிப்பை மூன்று வழிகளில் பார்த்து, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். வழிகாட்டி மதிப்பு ஒன்று. கடந்த 3 ஆண்டில் சுற்றுவட்டாரத்தில் இதேபோன்ற நிலத்துக்கு நடந்த கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. மூன்றாவது, ஒப்புக்கொண்ட தொகை இருந்தால் அது. கிராமப்புற நிலத்துக்கு அந்த மதிப்பை, நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து, 1 முதல் 2 வரையான ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். கிணறு, மரங்களின் மதிப்பு தனியாகச் சேரும். வரும் மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு ஆறுதல் தொகை. ஏக்கர் 6 லட்சம், பெருக்கும் எண் 1.25 என்று வைத்தால் 7.5 லட்சம், கிணறும் தென்னையும் ஏக்கருக்கு 1.5 லட்சம் என்றால் 9, ஆறுதல் தொகையோடு 18 லட்சம். இதுபோக சந்தை மதிப்பின்மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் உண்டு. பாசனத் திட்டத்தில் நிலம் இழப்பவர்களுக்கு, நிலத்துக்கான இழப்பீட்டுக்குப் பதிலாக, இயன்றவரை ஆயக்கட்டில் (திட்டத்தின் நீர் பாயும் பரப்பில்) குறைந்தது ஒரு ஏக்கர் மாற்று நிலம் என்றும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை, நீங்கள் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பட்டாதான். தாத்தா பெயரிலேயே இருந்தால் பணம் குடும்பத்துக்குள் தகராறாகி மாட்டிக்கொள்ளும். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். தாத்தா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அத்தைகளுக்கும் பங்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டுப் பட்டா மாற்றினால் அதுவே நாளைக்கு வழக்காகும். உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிந்துவிடுங்கள். 11-ஆம் பிரிவு அறிவிக்கை வந்துவிட்டால் ஆட்சியர் விலக்கு தராமல் அந்த நிலத்தில் எந்தப் பரிமாற்றமும் செய்ய முடியாது. ஆகவே இதற்குத்தான் முதல் அவசரம்.

அப்புறம், தென்னையையும் கிணற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். வெற்றுத்தாளிலோ, படித்துப் பார்க்காத "சம்மதப் படிவத்திலோ" யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆட்சியரின் ஆணை) வந்து தொகை குறைவாகத் தெரிந்தால், பணத்தை வாங்கும்போதே "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வார்த்தை இல்லாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வத்தின்போது நீங்கள் ஆஜராகியிருந்தால் அன்றிலிருந்து 6 வாரத்துக்குள் 64-ஆம் பிரிவின் கீழ் ஆட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி கிடைக்கும், எனவே உங்கள் அத்தைகளும் சேர்ந்து மனு கொடுக்கலாம்.