சீனி பிஸ்கட்டும் நம் ஊர்க் காற்றும்

அக்கா, வணக்கம்.

உங்கள் தீபாவளிப் பலகாரக் குறிப்புகளைத் தவறாமல் படிப்பவள் நான். மலேசியாவில் பாகாவ் பக்கம் இருக்கிறோம். என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். போன வாரம் வீடியோ அழைப்பில், தான் சுட்ட பிஸ்கட்டுகளைக் காட்டினாள். ரோஜா நிறம், வெளிர்மஞ்சள், இளம்பச்சை என்று ஒவ்வொன்றும் பாதி வரை கலர் சீனியில் தோய்த்தது. அங்கே வசந்தகாலம் பிறந்துவிட்டதாம், அதற்காகச் செய்ததாம். அதைப் பார்த்த என் சின்னவள் பிடித்த பிடியை விடவில்லை. நானும் சுட்டு எடுத்து, தேன் தடவி, கலர் சீனியில் புரட்டி, சூட்டோடு டப்பாவில் போட்டு வைத்தேன். ராத்திரி அழகாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் சீனி கரைந்து, சிவப்பு மஞ்சளில் ஓடி, எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. எங்கே தப்பு? கடைக் கலர் இல்லாமல் சங்குப்பூ, வாசனைக்குப் போடும் பாண்டான் இலை மாதிரி வீட்டில் இருப்பதை வைத்துச் செய்ய முடியுமா? என் வீட்டுக்காரர், "வெயிலும் மழையும் தவிர வேற என்ன இருக்கு இங்க, நமக்கு எதுக்கு வசந்தம்" என்று சிரிக்கிறார். மாமியாருக்கு இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) வேறு, அவருக்கு ஒன்றாவது கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம், பாகாவ்

தங்கச்சிக்கு வணக்கம்.

முதலில் தேனை விடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும்.

வெள்ளைச் சீனி ஒன்றும் அவ்வளவு சீக்கிரம் கரைகிற சாமான் இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 85 சதவீதம் வரும் வரை அது தன் பாட்டுக்குக் கிடக்கும், அதைத் தாண்டினால்தான் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பிரச்சினை என்னவென்றால் நம் ஊரில் ராத்திரியும் விடியற்காலையும் ஈரப்பதம் 90-ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறது. தேனில் இருக்கும் இனிப்போ வேறு வகை, அது இன்னும் வெகு முன்னாலேயே ஈரத்தை இழுக்கும். நீங்கள் பிஸ்கட்டுக்கும் சீனிக்கும் நடுவில் தேனைத் தடவி, சூட்டோடு டப்பாவில் போட்டு மூடியும் இருக்கிறீர்கள். உள்ளே ஆவி, இடையில் தேன், வெளியில் நம் ஊர் ராத்திரி. சீனி என்னதான் செய்யும்? உங்கள் அண்ணன் மகள் வீட்டில் மார்ச் மாதத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே காற்று வறண்டு உதடு வெடிக்கும். அதே பிஸ்கட்டை அவள் மேசைமேல் திறந்து வைத்தாலும் மொறுமொறுவென்றுதான் இருக்கும். கைப்பக்குவத்தில் குறை ஒன்றுமில்லை, முறை நம் ஊருக்கு ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

சுட்டபிறகு தோய்க்காதீர்கள், சுடுவதற்கு முன் தோயுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

ஒரு கட்டி பட்டர், 250 கிராம். ஐசிங் சீனி 120 கிராம். ஒரு மஞ்சள்கரு. கோதுமை மாவு 370 கிராம். பட்டரையும் சீனியையும் நுரைக்க அடிக்காமல் கலந்தால் போதும், நுரைத்தால் பிஸ்கட் பரந்து வடிவம் போய்விடும். மஞ்சள்கருவைச் சேர்த்து, மாவைக் கொட்டிப் பிசைந்து அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் மத்தியானச் சூட்டில் பட்டர் உருகுகிற நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைப் போட்டால் பிஸ்கட் கல்லாகிவிடும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டுங்கள். ஒதுக்கி வைத்த வெள்ளைக்கருவை லேசாக அடித்து, ஒவ்வொன்றின் ஒரு முகத்தில், அதுவும் பாதியில் மட்டும், துளி தடவிக் கலர் சீனியில் அழுத்துங்கள். தட்டில் சீனி முகம் மேலே இருக்கட்டும். 160 டிகிரியில் பதினைந்து, பதினெட்டு நிமிடம்.

வெள்ளைக்கரு சூட்டில் காய்ந்து சீனியைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைச் சீனி உருகுவதற்கு 186 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதனால் 160-இல் மணிகள் மணிகளாகவே நிற்கும். மணி பெரிதாக இருக்கும் சாதாரணச் சீனியே போதும், இதற்குப் போய் ஐசிங் சீனியைப் போட வேண்டாம், அது எங்கே போனது என்றே தெரியாது. மேசைமேல் வைக்கிற சின்ன ஓவன் என்றால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் பின்பக்கம்தான் முதலில் சிவக்கும், இளம்நிறச் சீனிக்குக் கீழே பிஸ்கட் சிவந்தால் கலர் அழுக்காகத் தெரியும்.

ஆறவிடுவதில் அவசரப்படாதீர்கள். கையில் தொட்டால் சூடே தெரியக்கூடாது, அப்புறம்தான் டப்பா. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாள் ராயாவுக்கும் வாங்குவோமே சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல், அதில் அடுக்கி மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்டிவிடுங்கள். குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்து, மறுபடியும் நீங்கள் பார்த்த அதே கோலம்தான்.

இனி கலர். கேக் சாமான் கடையில் விற்கிற ஜெல் கலர் என்றால் ஒரு கோப்பைச் சீனிக்கு மூன்று நான்கு சொட்டு, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கசக்கி, தட்டில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே காயவிட்டால் ஆயிற்று. தண்ணீராக இருக்கும் கலர் வேண்டாம், சீனியே கரைந்து கட்டியாகிவிடும். வீட்டுச் செடிகளிலிருந்து எடுக்க ஆசைப்படுகிறீர்கள், நல்லதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சங்குப்பூவை ஊறவைத்த நீரைச் சீனியில் ஊற்றாதீர்கள். பூவைச் சருகாகக் காயவைத்து, சீனியோடு சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள், நல்ல நீலத் தூள் கிடைக்கும். ஓவனுக்குள் போனால் அந்த நீலம் மங்கிச் சாம்பல் மாதிரி ஆகும். ஆகவே அதற்கு மட்டும் விதிவிலக்கு. மலாய்க்காரர்கள் குவே மக்மூர் என்ற பலகாரத்தைச் சுட்டு எடுத்து வெண்சீனித் தூளில் புரட்டுவார்கள் இல்லையா, அதே மாதிரி சூடு ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது, எதையும் தடவாமல் நீலத் தூளில் புரட்டுங்கள். பட்டர் மினுமினுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியது அது, அடுத்த வாரத்துக்கு வைக்காதீர்கள். பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் இதே கதைதான், பச்சையில் பளிச்சென்று இருக்கும், வெந்தால் பழுப்பு. மஞ்சள்தூள் சூட்டைத் தாங்கும். ஆனால் மாவில் சோடா உப்பு போட்டிருந்தால் மஞ்சள் சிவந்துவிடும், ஆலாத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நிறம் மாறுமே, அதே வேலைதான். நான் சொன்ன மாவில் சோடா உப்பே தேவையில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் வருகிறேன். வசந்தம் இல்லை என்று சொல்கிற மனிதர் பாகாவ் பக்கத்திலே இருந்துகொண்டு அதைச் சொல்வதுதான் எனக்கு வேடிக்கை. பால்மரக் காட்டை, அதாவது ரப்பர் தோட்டத்தை, பார்த்து வளர்ந்தவராக இருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். தை, மாசியில் மழை குறைந்ததும் மரம் இலையைச் சிவப்பும் ஆரஞ்சுமாக மாற்றி மொத்தமாகக் கொட்டிவிடும், தோட்டம் முழுக்க வெறும் கிளைதான். சில வாரத்தில் தளிர் வரும். முதலில் செம்பு நிறம், பிறகு மினுமினுக்கிற வெளிர்பச்சை, அதோடு மஞ்சள் பூ, அதன் வாடை தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வரைக்கும் அடிக்கும். தளிரில் சாம்பல் நோய் பிடிக்காமல் இருக்கத் தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள். இங்கே சுங்கை சிப்புட்டிலும் வயதான யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் முகத்தில் வசந்தத்தைக் கண்ட சந்தோஷம் இருக்காது, ஏனென்றால் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கிற நேரத்தில் பால் குறைந்துவிடும், பால் குறைந்தால் சம்பளம் குறையும், கடையில் கணக்கு ஏறும். பூத்த காலமும் கை காய்ந்த காலமும் நமக்கு ஒன்றாகவே வந்தது. அதனால்தான் அதைக் கொண்டாட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ. அந்த மாதத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கலர் என்றால் கடைக் கண்ணாடிப் போத்தலில் இருந்த ஐஸ் பிஸ்கட்தான். பொத்தான் அளவு பிஸ்கட், தலையில் சுருட்டிய சீனிக் கொண்டை. கொண்டையை மட்டும் கடித்துவிட்டு அடியைக் கோழிக்குப் போடுகிற பிள்ளைகள் எல்லா லயத்திலும் உண்டு. அதுவும் வெள்ளைக்காரர்கள் செய்து வைத்ததுதான், நாம் தின்று நம்முடையது ஆக்கிக்கொண்டோம்.

இப்போது பெரும்பாலான இடங்களில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டாயிற்று. செம்பனை இப்படி மொத்தமாக இலை கொட்டாது, வருடம் முழுக்க ஒரே முகம். உங்கள் சின்னவள் அந்தச் செம்புத் தளிரைப் பார்த்திருப்பாளோ என்னவோ. எங்காவது சின்னத் தோட்டக்காரர்களின் பால்மரம் மிச்சம் இருந்தால் ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அப்புறம் அந்தக் கலர்களிலேயே சீனி செய்யுங்கள். செம்புக்குப் பட்டைத்தூள், ஒரு கோப்பைச் சீனிக்கு ஒரு தேக்கரண்டி. பூவின் மஞ்சளுக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் போனால் குழம்பு வாடை வரும். வெளிர்பச்சைக்குப் பாண்டான் இலையை நிழலில் காயவைத்துச் சீனியோடு அரைத்துச் சலித்தது. ஓவனில் அது கொஞ்சம் மங்கும், பரவாயில்லை, இலை முற்றினால் அந்த நிறம்தானே. ரோஜா நிறம் கட்டாயம் வேண்டும் என்று பிள்ளை அழுதால் ஒரு சொட்டு ஜெல் கலரை வாங்கிப் போடுங்கள், அதற்காக வீட்டில் ஒரு சண்டை வேண்டாம்.

மாமியார் விஷயம். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது, அதனால் இந்தக் கேள்வி எல்லார் வீட்டுக்கும் உரியது. சீனியில் தோய்க்காத பிஸ்கட்டைத் தனியாக எடுத்து வைத்து "இதில் சீனி இல்லை அம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாவிலேயே 120 கிராம் போட்டிருக்கிறோம், கோதுமை மாவும் உடம்புக்குள் போனால் சீனிதான். சின்ன அச்சில் வெட்டியது ஒன்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சீனி போடாத தேநீரோடு கொடுக்கலாம், அதுவும் அவருடைய அளவு கட்டுக்குள் இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தால். மற்றபடி போத்தலை அவர் கைக்கு எட்டுகிற தட்டில் வைக்காதீர்கள். இது நான் என் அம்மாவை வைத்துச் சொல்கிறேன்.