பில் யார் பெயரில் வருகிறது?

குளிர் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் காஸ், கரண்ட் பில் பற்றியவைதான். அதனால் இந்த மாதப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டேன். இங்கே சொல்லும் தொகைகள் 2025-26க்கு உரியவை. இங்கிலாந்து, வேல்ஸ் வாசகர்களுக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சில கொடுப்பனவுகளின் பெயரும் விதியும் வேறு.

"பிள்ளை, எனக்கு 78 வயது. அவர் போன பிறகு சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். அரச ஓய்வூதியம் வாரம் 168 பவுண்ட். வங்கியில் 14,000 பவுண்ட் கிடக்கிறது. எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் பில் எல்லாம் மகன் பெயரில்தான், அவனே கட்டுகிறான். அவனுக்கும் மூன்று பிள்ளைகள். அதை நினைத்தால் ஹீட்டரைப் போடவே மனம் வருவதில்லை. வீடு இருப்பவர்களுக்கு ஒன்றும் தரமாட்டார்கள் என்கிறார்கள். இந்த வயதில் கை நீட்டவும் கூச்சமாக இருக்கிறது." – ஹரோ வாசகி

அம்மா, முதலில் ஹீட்டரைப் போடுங்கள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பாதிக்கும். நீங்கள் இருக்கும் அறை 18 பாகைக்குக் கீழே போகக் கூடாது.

நீங்கள் கேள்விப்பட்டது தவறு. வருமானம் குறைந்த முதியோருக்கு அரசாங்கம் தரும் பென்ஷன் கிரெடிட்டுக்கு நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். சேமிப்பிலும் முதல் 10,000 பவுண்டைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம் என்று வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு மேலே இருப்பது 4,000. ஆகவே 8 பவுண்ட். ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 176 பவுண்ட். தனியாக இருப்பவருக்கு அரசாங்கம் குறைந்தபட்சம் என்று வைத்திருப்பது வாரம் 227.10 பவுண்ட், தம்பதியருக்கு 346.60. நீங்கள் சொன்னதைத் தவிர வேறு வருமானம் இல்லையென்றால் வாரம் 51 பவுண்ட் அளவில் உங்களுக்குச் சேர வேண்டியது இருக்கிறது. தகுதி முன்பே இருந்தால் மூன்று மாதம் பின்தேதியிட்டும் தருவார்கள்.

குளிக்க, உடுத்த இன்னொருவர் கை தேவைப்படுகிறதா? அப்படியானால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கும் விண்ணப்பியுங்கள். அதற்கு வருமானமும் சேமிப்பும் பார்ப்பதில்லை. அது கிடைத்தால், தனியாக வாழும் உங்களுக்குப் பென்ஷன் கிரெடிட் தொகையும் உயர வாய்ப்பு உண்டு.

பென்ஷன் கிரெடிட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், மற்ற உதவிகள் அதன் பின்னாலேயே வருகின்றன. உங்கள் பகுதியில் ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்கோ அதற்குக் கீழோ போனால் ஒவ்வொரு முறையும் 25 பவுண்ட் வரும். கவுன்சில் வரி குறையும். 75 வயது தாண்டியவர் என்பதால் டிவி லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். அப்புறம், கரண்ட் பில்லில் 150 பவுண்ட் கழியும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்.

அந்த 150 பவுண்டில்தான் நம் குடும்பங்கள் இடறுகின்றன. மின் கணக்கு கொடுப்பனவு பெறுபவரின் பெயரிலோ அவருடைய துணையின் பெயரிலோ இருந்தால்தான் அந்தக் கழிவு தானாக வந்து சேரும். பிள்ளைகள் அன்போடு பில்லைத் தங்கள் பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அதனாலேயே பெற்றோருக்கு வர வேண்டியது வராமல் போகிறது. ஆலோசனை மேசையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்கவில்லை. மகனிடம் சொல்லி இந்த வாரமே கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் சார்பில் அவர் பேசலாம் என்று நிறுவனத்திடம் பதிந்து வைத்தால் போதும், இங்கிலீஷ் பிரச்சினை தீர்ந்தது. 2025-26க்குத் தகுதி பார்க்கும் நாள் 2025 ஆகஸ்டிலேயே போய்விட்டதால் இந்தப் பெயர் மாற்றம் அடுத்த குளிர்காலத்துக்குத்தான் பயன்படும். பென்ஷன் கிரெடிட்டுக்கு அப்படிக் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். தேசியக் காப்புறுதி எண்ணும் வங்கி விவரமும் பக்கத்தில் இருக்கட்டும்.

கூச்சம் பற்றிச் சொன்னீர்கள். இது சட்டப்படி உங்களுக்கு உரிய தொகை, அம்மா. நீங்கள் வாங்குவதால் இன்னொருவருக்குக் குறையப் போவதில்லை.

"காஸ் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு அறையில் ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்தால் மிச்சமா?" – லூட்டன் வாசகர்

பெரும்பாலும் இல்லை. 2025 அக்டோபர்-டிசம்பர் விலை உச்சவரம்பில் மின்சாரம் ஒரு யூனிட் ஏறத்தாழ 26 பென்ஸ், காஸ் 6 பென்ஸ் சொச்சமாக இருந்தது. அந்த விலையில் 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 50 பென்ஸுக்கு மேல் போய்விடும். காஸிலேயே இருங்கள்; ஆள் இல்லாத அறைகளின் ரேடியேட்டர் வால்வை மட்டும் குறைத்து வையுங்கள்.

"அக்கா, கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறோம். ப்ரீபேமென்ட் மீட்டர். முன்பணம் போட்டால்தான் கரண்ட் வரும்; 20 பவுண்ட் போட்டால் பழைய கடனுக்கென்று ஒரு பகுதி போய்விடுகிறது. அவசரக் கிரெடிட்டும் முடிந்து, போன வாரம் ஒரு இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. சின்னவனுக்கு ஒன்றரை வயது." – ஈஸ்ட் ஹாம் வாசகி

தங்கச்சி, இதைப் படித்தவுடன் மின் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். முதல் வாக்கியமே "வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, கரண்ட் நின்றுபோனது" என்று இருக்கட்டும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் வலுக்கட்டாயமாக ப்ரீபேமென்ட் மீட்டர் பொருத்தக் கூடாது என்பது காஸ், மின் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பின் விதி. உங்கள் மீட்டர் முன்பே இருந்ததாக இருக்கலாம். ஆனாலும் அது உங்களுக்குப் பாதுகாப்பானதா என்று அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே அழைப்பில் மூன்று விஷயம் கேளுங்கள்: கூடுதல் உதவிக் கிரெடிட் (மீட்டரில் கடனாக ஏற்றித் தருவது), கடனுக்கு வாராவாரம் எடுக்கும் தொகையை உங்களால் கட்ட முடிந்த அளவுக்குக் குறைப்பது, சிறு குழந்தைகள், முதியோர் போன்றோருக்கான முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் பெயர் சேர்ப்பது. பேசியவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. 2025-26 குளிர்காலத்திலிருந்து, வருமானம் பார்த்துத் தரும் கொடுப்பனவு (யூனிவர்சல் கிரெடிட்டும் அதில் ஒன்று) பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் விரிவாக்கப்பட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டிலேயே யூனிவர்சல் கிரெடிட் எடுத்துக்கொண்டிருந்து, மின் கணக்கும் உங்களில் ஒருவர் பெயரில் இருந்திருந்தால் 150 பவுண்டுக்கான கடிதம் வரும். ப்ரீபேமென்ட் மீட்டருக்கு அது வவுச்சராகவோ மீட்டரில் ஏறும் தொகையாகவோ வரலாம். கடிதத்தைப் பிரிக்காமல் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அதுவரைக்கும்? கவுன்சிலில் அவசர உதவி நிதி (2025-26ல் இங்கிலாந்தில் அதன் பெயர் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட்) இருக்கிறதா என்று கேளுங்கள். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ உணவு வங்கியிலோ எரிபொருள் வவுச்சர் பற்றி விசாரியுங்கள். வேறு கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரித்தால், 60 நாட்களுக்குக் கடன்காரர்கள் நெருக்காமல் இருக்கும் பிரீதிங் ஸ்பேஸ் ஏற்பாட்டைக் கடன் ஆலோசகர் மூலம் எடுக்கலாம். தயவுசெய்து மீட்டருக்கென்று கிரெடிட் கார்டில் கடன் மட்டும் எடுக்காதீர்கள்.

"வின்டர் ஃபியூல் பேமென்ட் 300 பவுண்ட் பெற உடனே வங்கி விவரம் தரவும் என்று போனுக்கு மெசேஜ் வந்தது. அழுத்தலாமா?" – கிராய்டன் வாசகர்

அழுத்தாதீர்கள் ஐயா, அது மோசடி. 2025-26 குளிர்காலத்துக்கு, 1959 செப்டம்பர் 22க்கு முன் பிறந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் முதியோரின் ஹீட்டிங் செலவுக்கான இந்தப் பணம் நவம்பர், டிசம்பரில் தானாகவே வங்கிக்கு வரும். யாரும் மெசேஜில் விண்ணப்பம் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு 200 பவுண்ட், 80 வயதைக் கடந்தவர் இருந்தால் 300. ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டியவரிடம் மட்டும் பின்னர் வரியாகத் திருப்பி எடுப்பார்கள். அந்த மெசேஜை, மோசடி மெசேஜ்களைப் புகார் செய்யும் 7726 எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். விவரம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள்.