கண்ணாடி போட்டவர்களுக்கு எந்த பைனாகுலர்?

கேள்வி: வேடந்தாங்கல் போவதற்காக 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்சின் விட்டம் 50 மி.மீ.) வாங்கினேன். கண்ணாடியோடு பார்த்தால் சின்ன வட்டம்தான் தெரிகிறது. கண்ணாடி போடாத தம்பிக்கு முழுதாகத் தெரிகிறதாம். கருவியில் கோளாறா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: பெரும்பாலும் கோளாறாக இருக்காது. முதலில் இரண்டு ஐகப்புகளையும் (கண் பக்கமுள்ள ரப்பர் வளையங்கள்) முழுக்கத் திருகி இறக்குங்கள்; பழைய வகை என்றால் வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். அப்படியும் வட்டம் விரியவில்லையா? ஐ ரிலீஃப் போதவில்லை.

கண்பக்க லென்சிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளிக் கண்ணை வைத்தால் காட்சி முழுதாகத் தெரியுமோ, அதுதான் ஐ ரிலீஃப். உங்கள் விழிக்கும் கண்ணாடிக்கும் இடையிலேயே 12 முதல் 14 மி.மீ. போய்விடுகிறது. கண்ணாடியின் தடிமன் வேறு. ஆக, ஐ ரிலீஃப் 12 மி.மீ. மட்டுமே உள்ள கருவியில் ஓரம் வெட்டுப்படத்தான் செய்யும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் அளவு லென்சின் மேற்பரப்பிலிருந்து எடுத்தது. லென்சோ ஐகப் விளிம்புக்குக் கீழே சில மி.மீ. பதிந்திருக்கும். 16 என்று போட்டிருந்தால் கைக்குக் கிடைப்பது 13 ஆகவும் இருக்கலாம். அதனால் 17க்குக் குறைந்தால் யோசியுங்கள்; தடித்த கண்ணாடி என்றால் 18க்கு மேல் தேடுங்கள். கருவியின் உடம்பில் எழுதிய 8×42 போன்ற எண்ணை நம்பிப் பயனில்லை: நிக்கான் அக்யுலான் ஏ211, மோனார்க் எம்5 இரண்டிலுமே 8×42 உண்டு, முன்னதன் ஐ ரிலீஃப் 12 மி.மீ., பின்னதில் 19.5. கடைக்காரர் 'பவர் ஜாஸ்தி' என்று 10ஐ நீட்டுவார். ஒரே வரிசையில் 8ஐவிட 10க்கு ஐ ரிலீஃப் பெரும்பாலும் குறைவு. கை நடுக்கமும் அதிகமாகத் தெரியும். எங்கள் ஓட்டு 8×42க்கே.

வாங்கும் முன் கண்ணாடியோடு பாருங்கள். காட்சியைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் விளிம்பு எல்லாப் பக்கமும் கூர்மையாகத் தெரிந்தால் போதும். மங்கிக் கரைந்தால் வேண்டாம்.

கேள்வி: எனக்கு மைனஸ் 3.5. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' (உருப்பிறழ்ச்சியைச் சரிசெய்யும் பவர்) இல்லையென்றால் பார்க்கலாம்; ஐகப்பை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றாமல் பார்த்தால் கண் மிக நெருங்கி, அவரைவிதை போலக் கறுப்பு நிழல் ஓடும். கிட்டப்பார்வையை ஃபோகஸ் சக்கரமே சரிக்கட்டும். ஆனால் தூரத்து மரத்தைத் தெளிவாக்கிய பிறகும் சக்கரம் இன்னும் கொஞ்சம் சுழல வேண்டும், அதைக் கடையிலேயே சோதியுங்கள். சிலிண்டர் 1க்கு மேல் என்றால் எந்தச் சக்கரமும் உதவாது, கண்ணாடி இருக்கட்டும். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று: வெறுங்கண்ணால் பறவையைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும். அதைக் கழற்றிப் பைனாகுலரைத் தூக்குவதற்குள் மீன்கொத்தி கிளம்பிவிடும்.

கேள்வி: புரோகிரசிவ் கண்ணாடியில் பைனாகுலர் எப்போதும் மங்கலாகவே இருக்கிறதே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: லென்சின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள், அது படிப்பதற்கானது. தாடையைச் சற்றுத் தாழ்த்தி மேல்பாதி வழியாகப் பாருங்கள். பைனாகுலரை அழுத்தினால் ஃபிரேம் மூக்கில் நழுவும், மெல்லத் தொட்டாற்போல் வையுங்கள். பிறகு கண்ணாடியோடே டயாப்டரை (இரு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) சரிசெய்யுங்கள்: வலது முகப்பை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவாக்கி, அடுத்து இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலதுபக்க வளையத்தை மட்டும் திருகுங்கள்.