வாசகர் கேள்வி: பெசன்ட் நகரில் வீடு இடிகிறது, கடை எழுகிறது

கே: எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் தெரு. பக்கத்துப் பழைய வீட்டை இடித்துவிட்டு கீழே ரெஸ்டாரன்ட், மேலே கடைகள் என்று கட்டப்போகிறார்களாம். இது குடியிருப்புப் பகுதிதானே, எப்படி அனுமதி தருகிறார்கள்?
(பெசன்ட் நகர் வாசகி)

ப: "குடியிருப்புப் பகுதி" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) போனால் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2008-இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. முதன்மைக் குடியிருப்பிலேயே சின்னக் கடை, கிளினிக் மாதிரியானவற்றுக்கு ஒரு அளவு வரை இடம் உண்டு. கலப்பு என்றால் இன்னும் தாராளம். அதனால் முதலில் அந்த மனையின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து அது எந்த வகை என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் அதிகபட்சமாக ஏறிவரும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும், அதாவது எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்கிறார்களே அதுவும் சேர்ந்து பொருந்தும். ஏற்கெனவே கட்டடங்கள் நெருங்கிவிட்ட நகரப் பகுதியை இரண்டாம் வகை என்பார்கள். அங்கே அனுமதி பெற்ற பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம், ஆனால் இப்போதுள்ள பயன்பாடு மாறக்கூடாது என்று 2011 அறிவிக்கையிலும் இருக்கிறது, 2019-லும் இருக்கிறது. வீடாக இருந்தது வீடாகத்தான் திரும்பி வர வேண்டும் என்பதே இதன் நேரடிப் பொருள். ஆனால் பில்டர் சும்மா இருக்க மாட்டார், "இது மறுகட்டுமானமே இல்லை, சாலைக்கு நிலப்பக்கம் வரும் புதுக் கட்டடம், அதற்கு நகரமைப்பு விதி போதும்" என்று வாதாடுவார், அந்த வாதம் எடுபடவும் கூடும். அதற்காக நீங்கள் கேட்காமல் விடாதீர்கள். திட்ட அனுமதி, சி.ஆர்.இசட். அனுமதி இரண்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதியில் "குடியிருப்பு" என்று வாங்கிவிட்டு தரைத்தளத்தில் அடுப்பு மூட்டுகிற கதை ஊரில் புதிதில்லை. அப்படி ஒன்று சிக்கினால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

கே: எங்களுடையது பழைய ஹவுசிங் போர்டு ஃப்ளாட். பில்டர் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்கிறார், பெரும்பாலானவர்கள் சரி என்றுவிட்டார்கள். எனக்கு மனமில்லை. என்னைக் கட்டாயப்படுத்த முடியுமா?
(ஓய்வுபெற்ற ஊழியர்)

ப: முன்பு ஒருவர் முறுக்கிக்கொண்டால் மொத்த வேலையும் நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022, 2024-இல் நடைமுறைக்கு வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஆக, வேண்டாம் என்று தனியாக உட்கார்ந்திருப்பதைவிட ஒப்பந்தத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதில் சண்டை போடுவது உங்களுக்கு லாபம். புதுக் கட்டடத்தில் உங்கள் யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, கட்டி முடியும்வரை வாடகை யார் தருவது, இழுத்தடித்தால் என்ன தண்டம், தரைத்தளத்தில் கடை வந்தால் அந்த வருமானம் சங்கத்துக்கா பில்டருக்கா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கேட்பதில்லை, ஆனால் கடற்கரைப் பக்கத்தில் பணம் இருப்பதே அங்கேதான்.

இன்னொன்று. 2019 கட்டட விதிகளில் சாதாரண எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2, அதற்கு மேல் பணம் கட்டினால் 18 மீட்டர் சாலையில் 50 சதவீதம் வரை கூடுதல் என்று ஒரு கணக்கைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். சி.ஆர்.இசட். எல்லைக்குள் அந்தக் கணக்கு அப்படியே வராது, 2019 கடலோர அறிவிக்கை அது வெளியான ஜனவரி 18 அன்று இருந்த எஃப்.எஸ்.ஐ.யோடு நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த அறிவிக்கைகூட அதற்குரிய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதலான பிறகுதான் பொருந்தும், அதுவரை 2011 விதிதான். எந்த வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று பில்டரிடம் முகத்துக்கு நேரே கேளுங்கள். எட்டு வீட்டுக்கு மேல் இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள்.

கே: நான் இங்கே கடை வைத்திருப்பவன். சனி, ஞாயிறு வந்தால் குடியிருப்போர் சங்கத்துக்கு எங்களைத் திட்டுவதே வேலை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இங்கே வந்து சாப்பிடுகிறார்கள்!

ப: உண்மைதான், அதற்காக அவர்கள் வாசலில் பைக்கை நிறுத்தலாம் என்று ஆகாது. உங்கள் கட்டடத்து பார்க்கிங் இடத்தில் இப்போது என்ன நடக்கிறது, நிஜமாகவே வண்டிதான் நிற்கிறதா? அப்புறம், போர்வெல் இருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வியாபாரத்துக்காக நிலத்தடி நீர் எடுக்க சி.ஆர்.இசட். விதி இடம் தருவதில்லை.

கே: ஊரூர் குப்பத்துப் பக்கம் மீன் விற்கிறேன். கடற்கரையை அழகுபடுத்தப் போகிறார்கள் என்றாலே எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

ப: பயத்துக்குக் காரணம் இருக்கிறதும்மா. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, மாநகராட்சி மீன் கடைகளை அகற்றியது, நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே 366 கடைகளோடு மார்க்கெட் திறந்தார்கள். அந்தப் போராட்டம் இல்லாமல் அவர்கள் பேச்சு யார் காதிலும் விழுந்திருக்காது என்பது என் கருத்து. உங்களுக்கு இரண்டு விஷயம் முக்கியம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கடலோர வரைபடத்தில் மீனவர் குடியிருப்பு, படகு நிறுத்துமிடம், வலை உலர்த்தும் இடம் எல்லாம் குறித்திருக்க வேண்டும். வரைபடத்தில் வெறும் மணலாக இருக்கும் இடத்தில் நாளைக்கு நடைபாதையும் கடை வரிசையும் வந்தால் கேட்க ஆளிருக்காது. பஞ்சாயத்தாரை அழைத்துக்கொண்டு போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கே: எப்போது ஆட்சேபம் சொல்வது? கட்டி முடித்த பிறகு சொன்னால் "முன்பே ஏன் சொல்லவில்லை" என்கிறார்கள்.

ப: நில வகைப்பாட்டை மாற்றக் கேட்டால் பத்திரிகையில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வரும், அதில் ஆட்சேபத்துக்குக் கெடு போட்டிருப்பார்கள். அதற்குள் கடிதம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சி.ஆர்.இசட். மீறல் என்றால் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேற்கொண்டு 60 நாள். 2026-க்குப் பிறகான மூன்றாவது மாஸ்டர் பிளானின் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புக்கான மஞ்சள், வணிகத்துக்கான நீலமாகியிருந்தால் உடனே எழுதுங்கள், தெருவில் இருக்கிற எல்லோரும் தனித்தனியாக.