அண்ணாச்சி பதில்கள்: கூண்டில் ஏறாத சாட்சி

கேள்வி: அண்ணாச்சி, கியூபப் புரட்சித் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவிடம் இக்னாசியோ ரமோனே எடுத்த நேர்காணல் நூலை வாசித்துக்கொண்டிருக்கிறேன். தலையணை அளவு இருக்கிறது. பாதி முடித்தும் இது வாழ்க்கை வரலாறா, பிரசாரமா என்று பிடிபடவில்லை. எப்படி வாசிப்பது?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, மீதிப் பாதியில் முதலில் கேள்விகளை மட்டும் வாசித்துவிடுங்கள். பதில்கள் எங்கேயும் ஓடிவிடாது.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சியை எப்படிப் பதிவு செய்வோம் என்று சொல்கிறேன். வக்கீல், "அன்று இரவு எங்கே இருந்தீர்?" என்பார். "வயக்காட்டில்" என்பார் சாட்சி. "எதற்குப் போனீர்?" "தண்ணீர் பாய்ச்ச." தாளில் இது, 'அன்று இரவு நான் தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போயிருந்தேன்' என்று இறங்கும். கேட்டவர் காணாமல் போய்விடுவார். சாட்சி தானாகவே மனம் திறந்து பேசியது போல இருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, சாதாரணமாக இப்படி எழுதினால் போதும் என்றது. நீதிபதி விரும்பினால் ஏதாவது ஒரு பகுதியைக் கேள்வியும் பதிலுமாக அப்படியே எழுதச் சொல்லலாம். "அப்படியே எழுதுங்கள்" என்று அவர் சொன்ன கணமே தூங்கிக்கொண்டிருந்த ஜூனியர் வக்கீல்கூட நிமிர்ந்து உட்காருவார்.

தலைவர்களின் தன்வரலாறுகளில் பெரும்பாலானவை முதல் வகை. உங்கள் கையில் இருப்பது இரண்டாம் வகை. ரமோனே பாரிஸில் ஒரு மாத இதழின் ஆசிரியராக இருந்தவர், ஃபிடல்மேல் பரிவு உள்ளவர். 2003 ஜனவரியில் தொடங்கி 2005 முடியும்வரை விட்டுவிட்டு நடந்த உரையாடல், மொத்தம் நூறு மணி நேரம். எங்கள் நீதிமன்றக் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதம் ஒரே சாட்சியை நிறுத்தி வைத்து விசாரித்ததற்குச் சமம். ஆனால் விசாரித்தது தன் தரப்பு வக்கீல். சொந்த வக்கீல் கேட்கும் முதல் விசாரணை உண்டு, எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கிக் கேட்கும் குறுக்கு விசாரணை இல்லை.

இதனால் நூல் வீணாகிவிடவில்லை. முதல் விசாரணையில்தான் சாட்சி நிதானமாகப் பேசுவார். ஃபிடல் பிறந்த பிரான் கிராமத்துக் கரும்புத் தோட்டம், ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்து நிலம் சேர்த்த அப்பா, ஹைதியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் குடிசைகள், அந்தக் குடிசைப் பிள்ளைகளோடு விளையாட்டு. பிறகு படிப்புக்கென்று சாண்டியாகோ நகரத்தில் ஒரு வீட்டில் விடப்பட்டு வயிறு நிறையாமல் கழிந்த காலம். பணக்கார வீட்டுப் பையன் பட்டினி கிடந்த அந்தப் பக்கங்களைத் தாண்டி ஓடிவிடாதீர்கள்.

புரட்சி செய்ய ஃபிடலும் தோழர்களும் கியூபாவுக்கு வந்த கிரான்மா படகின் கதையும் அப்படித்தான். 1956 நவம்பர் 25 அன்று மெக்சிகோவிலிருந்து 82 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட உல்லாசப் படகு அது. அத்தனை பேரைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. நவம்பர் 30 அன்று அவர்கள் கரை இறங்குவார்கள் என்று நம்பி சாண்டியாகோவில் தோழர்கள் கிளர்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள். படகோ நடுக்கடலில். போதாக்குறைக்கு இரவில் ஒருவர் கடலில் விழுந்துவிட, புரட்சியை நிறுத்தி வைத்துவிட்டு அவரைத் தேடுகிறார்கள். கண்டுபிடித்து ஏற்றியும் விட்டார்கள். டிசம்பர் 2 அன்று சதுப்பு நிலத்தில் போய்ச் செருகியது படகு. ஒரு நல்ல சாட்சியின் அடையாளம் இத்தகைய விவரங்கள்தாம்.

இனி மறுபக்கம். உரையாடல் நடந்துகொண்டிருந்த அதே 2003 மார்ச்சில் கியூபா அரசு 75 எதிர்ப்பாளர்களைப் பிடித்து நீண்ட சிறைத்தண்டனை கொடுத்தது. ஏப்ரலில், ஒரு பயணப் படகைக் கடத்திய மூவரைச் சுட்டுக்கொன்றது. ரமோனே இரண்டையும் கேட்கிறார், அதற்காக அவரை மெச்சுகிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நாட்டின் தலைவர். 'நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்' என்று அதட்ட அங்கே நீதிபதி யாரும் இல்லை. கடலில் விழுந்தவரைப் பற்றிப் பேசும் குரலும் சிறையில் விழுந்தவரைப் பற்றிப் பேசும் குரலும் ஒன்றுதானா என்று அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். முதலாவதில் ஆள் தெரிகிறார், இரண்டாவதில் அரசாங்கம் தெரிகிறது. அந்த இடங்களின் ஓரத்தில் பென்சிலால் உங்கள் குறுக்குக் கேள்வியை எழுதிவையுங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் நோட்டில்.

இன்னொன்று. 2006 ஜூலையில் நோய்வாய்ப்பட்ட ஃபிடல், படுக்கையில் இருந்தபடியே இந்த நூலின் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். எங்கள் சட்டத்திலும் சாட்சிக்கு அவர் வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும். "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று அவர் மறுத்தால், நீதிபதி அதைத் திருத்தாமல் மறுப்பை மட்டும் குறித்து வைக்கலாம். முதலில் சொன்னதும் இருக்கும், பிறகு மறுத்ததும் இருக்கும். அச்சுப் புத்தகத்தில் அந்த வசதி இல்லை. எந்த வரி மேசையில் பேசியது, எந்த வரி படுக்கையில் செதுக்கியது என்று வாசகருக்குத் தெரியாது.

கேள்வி: இதைப் போலக் கேட்டு எழுதப்பட்ட வேறு புரட்சித் தலைவர்களின் கதை உண்டா?
– வாசகர், களக்காடு

பதில்: மாவோ. 1936இல் பாவோஆன் என்ற ஊரில் எட்கர் ஸ்னோ என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் இரவுகளில் தன் கதையைச் சொன்னார். ஸ்னோவின் குறிப்புகள் சீன மொழிக்குப் போய், மாவோ கையால் திருத்தப்பட்டு, மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தன. இத்தனை சல்லடைக்குப் பிறகும் தப்பி நிற்கும் காட்சி ஒன்று உண்டு. விருந்தாளிகள் முன்னால் அப்பா திட்டிவிட, 'குளத்தில் குதித்துவிடுவேன்' என்று கரையில் நின்று மிரட்டும் பையன். நம் ஊர் வாய்க்கால் கரையில் இந்த மிரட்டலைக் கேட்காதவர் யார்?

பாளையங்கோட்டைத் தம்பிக்கும் ஒரு வார்த்தை: ஃபிடல் படித்தது சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் நடத்திய பள்ளிகளில். 1985இல் ஃப்ரெய் பெட்டோ என்ற பிரேசில் நாட்டுத் துறவி மதம் பற்றி அவரிடம் 23 மணி நேரம் பேசினார். துறவி கேட்டால் கம்யூனிஸ்ட்டும் கொஞ்சம் பாவமன்னிப்புத் தொனிக்கு வந்துவிடுகிறார். அதையும் சேர்த்து வாசியுங்கள்.

கேள்வி: நம் வ.உ.சி.க்கு இப்படி ஒரு ரமோனே கிடைக்காமல் போனது இழப்புதானே?
– ஆசிரியை, ஓட்டப்பிடாரம்

பதில்: அவர் சிறையில் இருந்தபடியே தன் கதையைப் பாட்டாக எழுதத் தொடங்கியவர். அதில் கேட்பவரும் அவரே, சொல்பவரும் அவரே. செக்கிழுத்ததைப் பற்றி எல்லோரும் கேட்டுவிட்டோம். எனக்குக் கேட்க வேண்டியது 1912இல் விடுதலையான பிறகு உள்ள காலம். கப்பல் கம்பெனியில் பங்கு வாங்கி நட்டப்பட்ட வியாபாரி ஒருவர் தூத்துக்குடித் தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள்? வக்கீல் தொழிலுக்குத் திரும்பிக் கோவில்பட்டியில் வந்த முதல் கட்சிக்காரர் யார், என்ன வழக்கு? 1936இல், மாவோ ஸ்னோவிடம் பேசி முடித்த சில வாரங்களில், நவம்பர் 18 அன்று வ.உ.சி. காலமானார். கேள்விகள் என்னிடமே தங்கிவிட்டன.

கேள்வி: என் தாத்தா மில் தொழிலாளியாக இருந்தவர். சங்கம், வேலைநிறுத்தம், சிறை எல்லாம் பார்த்தவர். ஆச்சி இன்றும் பீடி சுற்றுகிறார். தாத்தாவின் கதையை செல்போனில் பதிவு செய்ய உட்கார்ந்தால் மேடைப் பேச்சுப் பேசுகிறார். என்ன செய்ய?
– வாசகி, முக்கூடல்

பதில்: நீங்கள் மேடை போட்டுக் கொடுத்திருப்பீர்கள் அம்மா. "போராட்டம் எப்படி இருந்தது தாத்தா?" என்று கேட்டால் வேறு என்ன வரும்? "வேலைநிறுத்தத்தன்று காலையில் வீட்டில் என்ன சாப்பாடு? கூட்டத்துக்கு எதில் போனீர்கள்? கைதானபோது சட்டைப்பையில் என்ன இருந்தது? சிறையில் பக்கத்தில் படுத்தவர் எந்த ஊர்?" என்று போங்கள். "ரொம்பக் கஷ்டப்பட்டீர்கள் இல்லையா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். பதிலையும் உள்ளே வைத்துக் கேட்பது அது. நீதிமன்றமாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருப்பார்.

பதிலுக்கு நேரம் எடுத்தால் எடுக்கட்டும். நடுவில் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆண்டு தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்த வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியை வேறு வாக்கில் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் பாடமாகிவிட்டது என்று பொருள். கொஞ்சம் மாறியிருந்தால் நினைவு உயிரோடிருக்கிறது. எழுதும்போது உங்கள் கேள்வியையும் விடாமல் எழுதுங்கள்.

ஆச்சியைத் தனியாக வைத்துக் கேளுங்கள், தாத்தா இல்லாத நேரத்தில். அவர் சிறையில் இருந்த நாட்களில் ஆயிரம் பீடிக்கு என்ன கூலி வந்தது, கடையில் எத்தனை பீடியைக் கழித்தார்கள், யாரிடம் கடன் வாங்கினார், யார் வீட்டு வாசலில் ஏறக்கூடாது என்று வைத்திருந்தார்? கை வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். போனைத் தட்டில் வைத்துவிட வேண்டாம், பீடித் தூள் போய்விடும்.

கேள்வி: உங்களை நேர்காணல் எடுக்க வரலாமா அண்ணாச்சி?
– வாசகர், தென்காசி

பதில்: வரலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். கேள்விகளை முன்கூட்டி அனுப்பிவிடாதீர்கள், நானும் தயார் செய்து வைத்துவிடுவேன்.