உயிர் இல்லாத லேப்டாப்: போர்டைக் குறை சொல்லும் முன்

கேள்வி: என்னிடம் இருப்பது டெல் லாட்டிட்யூட் இ6420. இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்தது. இப்போது பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. கடையில் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காமல் “மதர்போர்டு போச்சு” என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அளந்து பார்க்காமல் சொன்னதை நம்ப வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரிலிருந்து தொடங்குங்கள்.

மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். 20 வோல்ட் அளவில் வைத்தால், அடாப்டர் சற்றே கூடுதலாகத் தரும்போது பல மீட்டர்கள் வெறும் ‘1’ காட்டிக் குழப்பும். சிவப்பு முனை பிளக்கின் உள்சுவரில், கறுப்பு முனை வெளிச்சுவரில். 19.5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நடுவே நிற்கும் மெல்லிய ஊசியைத் தொடாதீர்கள். அதில் மின்சாரம் வராது. அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஊசியில் அளந்துவிட்டு, நல்ல அடாப்டரைக் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர். போதாததற்கு, மீட்டர் முனை ஊசியையும் உள்சுவரையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் அடையாளச் சிப்பே எரியக்கூடும்.

வோல்ட் சரியாக இருந்தால் பிளக்கை லேப்டாப்பில் செருகி, அடாப்டரின் விளக்கைக் கவனியுங்கள்.

விளக்கு அணைந்தால் எங்கோ ஷார்ட். அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிட்டது. சுவர் இணைப்பைச் சற்று நேரம் எடுத்துவிட்டு மாட்டினால் மறுபடி எரியும். இந்த மாடலில் சார்ஜர் ஜாக் போர்டில் பற்ற வைக்கப்பட்டதல்ல, சிறு ஒயரோடு தனியாக வரும் பாகம். அந்த ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு அடாப்டரைச் செருகுங்கள். அப்போதும் அணைந்தால் குற்றவாளி ஜாக். ஒயரோடு மாற்றினால் முடிந்தது, சால்டரிங் வேண்டாம். அணையாமல் எரிந்தால் ஷார்ட் போர்டில். (எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்பதற்கு டெல் தளத்தில் சர்வீஸ் மானுவல் இலவசமாகவே கிடைக்கிறது.)

போர்டில் ஷார்ட் என்றாலும் போர்டையே மாற்ற வேண்டும் என்பதில்லை. 19 வோல்ட் நுழையும் பாதையில் உள்ள ஒரு செராமிக் கபாசிட்டரோ, மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற சிறு பாகமோதான் பெரும்பாலும் போயிருக்கும். சிப் லெவல் வேலை தெரிந்தவர் அந்தப் பாதையில் ஒரு வோல்ட் அளவுக்கு மட்டும் கொடுத்து, எது சூடாகிறது என்று பார்த்து அதை மட்டும் மாற்றுவார். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள்.

விளக்கு அணையாமல் எரிந்தும் லேப்டாப் எழவில்லையா? அடாப்டரை எடுத்துவிட்டுப் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னேற்றம் வடியும். பிறகு பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிஎம்ஓஎஸ் பேட்டரியை (தேதி, நேரத்தைக் காக்கும் போர்டின் சிறு செல்) அளக்கவும். 3 வோல்ட் செல் அது; இரண்டு வருடம் சும்மா கிடந்ததில் 2.5-க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். அது தீர்ந்தால் பொதுவாகத் தேதிதான் தப்பும், ஆனால் சில லேப்டாப்கள் கிளம்பவே மறுக்கும். ஒயரும் பின்னும் வைத்த செல்லாகவே கேட்டு வாங்குங்கள். சாதாரண செல்லில் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. டிஸ்ப்ளே மாற்ற வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் ஓடுகிறது, பிரச்சினை திரைப் பக்கம். இருட்டில் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளியோ அதன் கேபிளோதான். ஒன்றுமே தெரியாவிட்டால் வெளி மானிட்டரை மாட்டிப் பாருங்கள்.

கேப்ஸ் லாக் அசையாவிட்டால் முதல் சந்தேகம் ராம். அடாப்டர், பேட்டரி இரண்டையும் எடுத்த பிறகே கை வையுங்கள். தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு, சாய்வாகச் செருகி, இரு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக, இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

சமீபத்தில் புது ராம் போட்டிருந்தால் அதையே சந்தேகியுங்கள். ராமில் டிடிஆர்3 என்ற வகைக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் வகைக்கு 1.35 வோல்ட். இரண்டுக்கும் 204 பின், வெட்டும் ஒரே இடத்தில். அதனால் தப்பானதும் கச்சிதமாக உட்காரும். இன்டெல் 4-ம் தலைமுறை லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் பெரும்பாலும் நீங்கள் சொன்ன அதே கறுப்புத் திரைதான் வரும்.

கேள்வி: 90 வாட் அடாப்டர் கெட்டுவிட்டது. வீட்டில் அதே கம்பெனியின் 65 வாட் அடாப்டர் இருக்கிறது. மாட்டலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வோல்ட்டும் பிளக்கும் ஒன்றாக இருந்தால் சோதனைக்கு மாட்டலாம். சார்ஜ் மெதுவாக ஏறும் அல்லது ஏறாது, வேகமும் குறையலாம். வோல்ட் மாறினால் வேண்டவே வேண்டாம். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்.

கேள்வி: லேப்டாப் பிழைக்காவிட்டால் உள்ளே உள்ள படங்கள்?
– வாசகி, மதுரை

பதில்: ஹார்ட் டிஸ்க் தனிப் பாகம். கழற்றி, 2.5 அங்குல சாட்டா யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் படங்கள் வரும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மீட்புச் சாவியோ கடவுச்சொல்லோ கையில் இருக்க வேண்டும்.